தீவுக்குப் போய்த் திரும்பும் கணக்கு

எங்கள் படிப்பு மையம் பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பாடம் தொடங்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பூ விற்கிறவர், இட்லிக் கடை வைத்திருப்பவர், ஊதுபத்தி உருட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். வேலை முடித்து, சமையல் முடித்து, முகம் கழுவிக்கொண்டு வருவார்கள்.

ஒரு நாள் வாசிப்புப் பாடத்தில் 'கடல்' என்ற சொல் வந்தது. பூக்கார அக்கா அதைச் சரியாகப் படித்தார். சிலேட்டில் எழுதியும் காட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், கடல்னு எழுதக் கத்துக்கிட்டேன். ஆனா கடலைப் பார்த்ததே இல்லை."

அக்காவுக்கு வயது 52. பிறந்தது திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி வந்தது பெங்களூர். இரண்டு இடத்திலும் கடல் இல்லை.

"நானும் பார்த்ததில்லை" என்றது இன்னொரு குரல். "நான் சினிமாவில் பார்த்தேன்" என்றது வேறொரு குரல். எண்ணிப் பார்த்தோம். அன்று வந்திருந்த 14 பேரில் 9 பேர் கடலைப் பார்த்ததில்லை.

அப்படித்தான் எங்கள் பயணம் தொடங்கியது.

எங்கே போவது?

சென்னைக்குப் போகலாம் என்று முதலில் பேச்சு வந்தது. மெரினா கடற்கரை எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால் ஊதுபத்தி அக்கா ஒரு கேள்வி கேட்டார். "பஸ் காசு யார் கொடுப்பாங்க?"

நல்ல கேள்வி. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் 'சக்தி' திட்டம் நடக்கிறது. கர்நாடகத்தில் வசிக்கும் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் காசில்லாமல் போகலாம். முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஏசி பேருந்து, படுக்கைப் பேருந்து போன்றவற்றுக்கு இது கிடையாது. மாநிலத்துக்கு வெளியே போகவும் கிடையாது.

அப்படியானால் கர்நாடகக் கடற்கரைக்கே போகலாம். சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்தோம். பெங்களூருக்கு மேற்கே, மலைகளைத் தாண்டினால் அரபிக்கடல். அங்கே மங்களூர் இருக்கிறது. அதற்கு வடக்கே உடுப்பி. கிருஷ்ணன் கோயிலால் உடுப்பியை எல்லோருக்கும் தெரியும். உடுப்பியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மல்பே என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. மல்பேயிலிருந்து படகில் போனால் ஒரு சின்னத் தீவு. அதன் பெயர் செயின்ட் மேரீஸ் தீவு.

உண்மையில் அது ஒரே தீவு அல்ல. சின்னச் சின்னத் தீவுகளின் கூட்டம். படகில் நம்மைக் கொண்டுபோய் இறக்குவது தென்னை மரங்கள் உள்ள ஒரு தீவில். அங்கே கறுப்புப் பாறைகள் தூண் தூணாக நிற்கின்றன. பல தூண்களுக்கு ஐந்து பக்கம், ஆறு பக்கம். உளி வைத்துச் செதுக்கியது போலத் தெரியும். ஆனால் யாரும் செதுக்கவில்லை. சுமார் 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் பூமிக்குள்ளிருந்து நெருப்புக் குழம்பு வெளியே வந்தது. அது ஆறும்போது சுருங்கியது, வெடித்தது. ஏரி வற்றினால் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும் அல்லவா? அதே போலத்தான். அந்தக் காலத்தில் இப்போது ஆப்பிரிக்கா பக்கம் இருக்கும் மடகாஸ்கர் தீவும் நம் நாடும் ஒட்டிக்கொண்டிருந்தன என்று நிலவியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். இந்தப் பாறைகளை அரசு தேசிய நிலவியல் சின்னமாகப் பாதுகாக்கிறது. வாஸ்கோ ட காமா 1498-இல் இங்கே வந்து, மேரி மாதாவின் பெயரை வைத்தார் என்று ஒரு கதையும் அந்தப் பக்கம் உண்டு.

"கல்லுக்காக அவ்வளவு தூரம் போகணுமா?" என்றார் இட்லிக் கடை அக்கா.

"கடலுக்காகப் போறோம். கல் கொசுறு" என்றார் பூக்கார அக்கா.

துடுப்புப் போட்டுப் போகலாமா?

மூன்று பையன்களும் எங்களோடு வருவதாக இருந்தது. அவர்களில் ஒருவன் இட்லிக் கடை அக்காவின் மகன். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். அவன் செல்போனில் ஒரு படம் காட்டினான். நீளமான, குறுகலான ஒரு படகு. அதில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு துடுப்பு. அந்தத் துடுப்புக்கு இரண்டு முனையிலும் தட்டை.

"இதுக்குப் பேர் கயாக், டீச்சர். நாங்க மூணு பேரும் இதில் தீவுக்குப் போயிடுறோம். நீங்க பெரிய படகில் வாங்க."

கயாக் என்பது வட துருவத்துப் பக்கம் வாழும் மக்களின் படகு. பனிக்கடலில் வேட்டைக்குப் போக அவர்கள் செய்துகொண்டது. மரத்தாலும் எலும்பாலும் கூடு கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்துவார்கள். இப்போது உலகம் எங்கும் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். நம் ஊரில் ஒகேனக்கல் பரிசலைப் பார்த்திருப்பீர்கள். அது மூங்கிலில் பின்னிய வட்டக் கூடை. நம் கடற்கரையில் கட்டுமரம் உண்டு. மரங்களைச் சேர்த்துக் கட்டுவதால் அது கட்டுமரம். ஆங்கிலக்காரர்கள் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஊர் மக்களும் தங்கள் தண்ணீருக்கு ஏற்ற படகைச் செய்துகொண்டார்கள்.

பையனிடம் நான் 'கூடாது' என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயது இல்லை. "வா, கணக்குப் போடுவோம்" என்றேன். கரும்பலகையில் எழுதினோம்.

மல்பேயிலிருந்து தீவு ஏறக்குறைய 6 கிலோமீட்டர்.
புதிதாகத் துடுப்புப் போடுகிறவர் ஒரு மணி நேரத்தில் சுமார் 3 கிலோமீட்டர் போகலாம்.
6 ஐ 3 ஆல் வகுத்தால் 2. போக 2 மணி நேரம்.

"ரெண்டு மணி நேரம்தானே? நான் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வண்டி ஓட்டுறேன்" என்றான்.

"திரும்பி வர?" என்று கேட்டார் பூக்கார அக்கா.

அவன் அதை எழுதவில்லை. எல்லோரும் போகும் கணக்கைத்தான் முதலில் போடுகிறோம். நானும் அப்படித்தான். கடலில் திரும்பி வரும் கணக்குதான் பெரியது. போகும்போது கை புதிது. வரும்போது கை சோர்ந்திருக்கும். வெயில் ஏறியிருக்கும். காற்றும் மாறியிருக்கும்.

காற்று ஏன் மாறுகிறது? வீட்டு மொட்டை மாடியில் மத்தியானம் வெறுங்காலோடு நின்று பாருங்கள். தரை சுடும். பக்கத்தில் உள்ள தொட்டித் தண்ணீர் அவ்வளவு சுடாது. நிலமும் கடலும் அப்படித்தான். பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது. நிலத்தின் மேல் உள்ள காற்று சூடாகி மேலே போகிறது. அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. இதுதான் கடற்காற்று. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்கிறது. அப்போது காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. இது நிலக்காற்று. விடியற்காலை வரை இது இருக்கும்.

பாய்மரம் கட்டிய மீனவர்கள் இதை வைத்தே தொழில் செய்தார்கள். இரவின் கடைசியில் நிலக்காற்றோடு கடலுக்குப் போவார்கள். பகலில் கடற்காற்றோடு கரைக்கு வருவார்கள். அவர்களுக்கு அது பாட்டன் காலத்துப் பாடம். ஆனால் நமக்கு? காலையில் காற்று பின்னாலிருந்து தள்ளும். படகு தானாகப் போவது போல இருக்கும். 'இவ்வளவு சுலபமா!' என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். கை ஓய்ந்துவிட்டால் அந்தக் காற்று நம்மைத் தீவில் கொண்டுபோய் விடாது. தீவைத் தாண்டி நடுக்கடலுக்குத் தள்ளும். மத்தியானம் கடற்காற்று எழும்பும்போது அலையும் எழும்பும். கயாக் குறுகலான படகு. பக்கவாட்டில் அலை அடித்தால் கவிழும்.

கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும்? இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். படகை விடக் கூடாது. கரை பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். நீந்திப் போய்விடலாம் என்று தோன்றும். கடலில் தூரம் கண்ணை ஏமாற்றும். கவிழ்ந்த படகும் மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டு இருந்தால் தேடி வருகிறவர் கண்ணுக்குத் தெரிவோம். தண்ணீரில் ஒரு தலை மட்டும் தெரிந்தால், அது தேங்காய் மட்டை போலத்தான் தெரியும்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கயாக்கே ஓட்டக் கூடாதா?" என்று கேட்டான்.

ஓட்டலாம். உடுப்பிக்கு வடக்கே சாலிகிராமம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே உப்பங்கழியில், அலையாத்தி மரங்களுக்கு நடுவே கயாக் ஓட்ட விடுகிறார்கள். தண்ணீர் அமைதியானது. கரை பக்கத்திலேயே இருக்கும். பழக்குகிறவர் கூடவே வருவார். முதலில் அங்கே கற்றுக்கொள்ள வேண்டும். கடலில் கயாக் ஓட்டுவது அதற்குப் பிறகு. அப்போதும் தனியாகப் போகக் கூடாது. தெரிந்தவர் கூட இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். அதில் ஒரு விசில் தொங்க வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

முடிவு இப்படி ஆனது. தீவுக்கு எல்லோரும் பெரிய படகில். பையன்கள் மூவரும் அடுத்த நாள் சாலிகிராமம் போய்க் கயாக் கற்றுக்கொண்டு பின்னால் வரட்டும். அவனுக்கு அரை மனசுதான்.

மூன்று படகுகளின் கதை

இட்லிக் கடை அக்கா கேட்டார். "பெரிய படகுன்னா பயமில்லையே?"

இதற்குப் பதிலாகச் செய்தித்தாளில் வந்த மூன்று செய்திகளை வகுப்பில் படித்தோம். அன்று யாரும் தூங்கி வழியவில்லை.

2009 செப்டம்பர் 30. கேரளத்தில் தேக்கடி. பெரியாறு அணையின் ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகள் தெரிந்தன. பார்ப்பதற்காகப் பலரும் ஒரே பக்கம் போனார்கள். படகு சாய்ந்தது.

2011 டிசம்பர் 25. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு. கிறிஸ்துமஸ் விடுமுறை. குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து படகில் போனார்கள். அது மீன்பிடிக்கும் படகு. லைஃப் ஜாக்கெட் இல்லை. படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. கட்டிக்கொண்டு போன சாப்பாடும் நம்மைப் போலத்தான் இருந்திருக்கும். புளிச்சோறு, தயிர்ச்சோறு. இதைப் படித்தபோது பூக்கார அக்கா புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

2023 மே 7. கேரளத்தில் தானூர். படகில் ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேரை ஏற்றினார்கள். பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டினார்கள். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். அதிலும் 22 பேர் இறந்தார்கள்.

இந்த மூன்றிலும் புயல் இல்லை. சுனாமி இல்லை. தவறு படகிலும் மனிதர்களிடமும் இருந்தது. 'விதி' என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. எத்தனை பேர் ஏறலாம் என்று ஒரு எண் இருந்தது. யாரோ அதைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் பேசவில்லை.

நாங்கள் போட்ட திட்டம்

முதலில் மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடற்கரையில் மழைக்காலம். கடல் கொந்தளிக்கும். அப்போது தீவுக்குப் படகு விடுவதில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகில் மீன் பிடிக்கவும் தடை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் கடல் அமைதியாக இருக்கும். பொங்கலுக்கு முன்னும் பின்னும் பூ வியாபாரம் உண்டு. ஆகவே பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் குறித்தோம். ஞாயிறு கூட்டம் அதிகம் என்று தெரியும். ஆனால் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வேறு நாளில் விடுப்பு கிடைக்காது.

அடுத்து காசு. 14 பெண்கள், 3 பையன்கள். மொத்தம் 17 பேர். ஆளுக்கு வாரம் 50 ரூபாய். 12 வாரம் சேர்த்தோம். ஒருவருக்கு 600 ரூபாய். 17 பேருக்கு 10,200 ரூபாய். படகுக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் போன் செய்து கேட்டுக்கொண்டோம். கணக்கு நோட்டை ஊதுபத்தி அக்கா எழுதினார். ஆறு மாதம் முன்பு கைநாட்டு வைத்தவர் அவர். ஒரு ரூபாய் தவறவில்லை.

அடுத்து தண்ணீர். ஆளுக்கு 2 லிட்டர். 17 ஐ 2 ஆல் பெருக்கினால் 34 லிட்டர். தீவில் பிளாஸ்டிக் குப்பை போடக் கூடாது. அதனால் எவர்சில்வர் பாட்டிலும் தூக்கும் எடுத்துக்கொண்டோம். தொப்பி கிடையாது. முந்தானைதான் தொப்பி.

ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி ஒவ்வொருவர் பையிலும் வைத்தேன்.

112 — அவசர உதவி.
1093 — கடலோரக் காவல் போலீஸ்.
1554 — இந்தியக் கடலோரக் காவல்படை.

மூன்றும் காசில்லாத எண்கள். கடலில் ஆபத்து என்றால் 1554. இதைப் பத்து முறை எழுதச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்கள்.

கிளம்பும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் இந்தியக் கடல் தகவல் சேவை மையம் இருக்கிறது. சுருக்கமாக இன்காய்ஸ் என்பார்கள். அலை உயரமாக வரும் என்றால் அது எச்சரிக்கை கொடுக்கும். வானம் தெளிவாக இருக்கும். காற்றும் இருக்காது. ஆனாலும் தொலைவில் எங்கோ எழுந்த பெரிய அலை திடீரென்று கரைக்கு வரும். இதற்கு மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவது. தொலைக்காட்சிச் செய்தியிலும் இந்த எச்சரிக்கையைச் சொல்வார்கள்.

படகுத் துறையில்

சனிக்கிழமை இரவு மெஜஸ்டிக்கில் அரசுப் பேருந்து ஏறினோம். மங்களூர், உடுப்பி எல்லாம் சேர்த்து சுமார் 400 கிலோமீட்டர். மலைப் பாதையில் இரண்டு பேருக்கு வாந்தி. எலுமிச்சம்பழம் கொண்டுபோனது நல்லதாயிற்று. விடிந்ததும் உடுப்பியில் இறங்கினோம். அங்கிருந்து மல்பே.

கடலைப் பார்த்ததும் பூக்கார அக்கா ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கோயில் வாசலில் கழற்றுவது போல. பிறகு தண்ணீரில் கால் வைத்தார். "சுடுதண்ணி மாதிரி இருக்கே" என்றார். அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்குமேல் படகுத் துறைக்குப் போனோம். அங்கே அறிவிப்புப் பலகை எல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. எங்கள் ஆட்கள் கன்னடம் பேசுவார்கள். படிக்கத் தெரியாது. கற்றுக்கொண்டது தமிழ் எழுத்து. சிலருக்கு முகம் வாடிவிட்டது. அப்போது பூக்கார அக்கா ஒரு படகின் பக்கத்தைக் கையால் காட்டினார். அதில் 30 என்று எண் எழுதியிருந்தது.

"முப்பது. இது என்ன டீச்சர்?"

எண்ணுக்கு முன்னால் இருந்த ஆங்கிலச் சொல்லைப் படித்துச் சொன்னேன். ஏறக்கூடியவர் எண்ணிக்கை என்று பொருள்.

படகில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா விரல் விட்டு எண்ணினார். பத்தொன்பது. அதில் நான்கு குழந்தைகள். படகுக்காரர் எங்களைப் பார்த்து, "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டார். கன்னடத்தில் 'வாருங்கள்' என்று அர்த்தம்.

அக்கா கன்னடத்திலேயே கேட்டார். "எஷ்டு ஜனா?" எத்தனை பேர் என்று கேட்டார்.

"எல்லாரும் ஏறுங்க. குழந்தைங்க கணக்கில்லை."

19-உம் 17-உம் கூட்டினால் 36. ஆறு பேர் அதிகம். குழந்தைகளைக் கழித்தாலும் 32. அப்போதும் இரண்டு பேர் அதிகம். அதுவும் குழந்தையை ஏன் கழிக்க வேண்டும்? பழவேற்காட்டில் அலை குழந்தைகளைக் கழித்துவிட்டா வந்தது? இதை அக்கா கேட்டபோது துறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படகுக்காரருக்குக் கோபம் வந்தது. எங்கள் ஆட்களில் சிலருக்கும் கோபம். "ஆறு பேர்தானே, இதுக்குப் போய்…" என்றார் இட்லிக் கடை அக்கா. பதினோரு பேர் மட்டும் ஏறலாம் என்று நான் சொன்னேன். பிரிந்து போக யாருக்கும் விருப்பமில்லை. நானும் கொஞ்சம் தடுமாறினேன். வரிசையில் பின்னால் கூட்டம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பூக்கார அக்கா மட்டும் நகரவில்லை. "நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, துறையில் பையை வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒருவர் உட்கார்ந்தால் எல்லோரும் நிற்கத்தான் வேண்டும்.

அந்தப் படகு வேறு ஆட்களோடு போனது. நாங்கள் ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். அடுத்த படகில் இடம் இருந்தது. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் பயனில்லை. மாட்டி, பட்டையை இறுக்கி, கொக்கியைப் போட வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் அது தளர்வு. புடவை கட்டியவர்களுக்குக் கூச்சம். ஒருவருக்கொருவர் கொக்கி போட்டுவிட்டார்கள்.

தீவில்

படகு அரை மணி நேரத்துக்குள் போய்விட்டது. கரை ஆழமில்லாத இடம். பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டி வரலாம். மாறும்போது ஒவ்வொருவராக மாற வேண்டும். ஒரு கையால் எப்போதும் எதையாவது பிடித்திருக்க வேண்டும்.

தீவில் தூண் பாறைகளைப் பார்த்தோம். ஊதுபத்தி அக்கா ஒரு தூணின் பக்கங்களை எண்ணினார். ஆறு. இன்னொன்றை எண்ணினார். ஐந்து. சங்கு, சிப்பி நிறையக் கிடந்தன. மடியில் அள்ளிக்கொண்டவர்களிடம், வேண்டாம், இது பாதுகாக்கப்பட்ட இடம் என்றேன். பாதிப் பேர் போட்டார்கள். பாதிப் பேர் போட்ட மாதிரி காட்டினார்கள்.

பாறை ஓரத்தில் கவனமாக இருக்க வேண்டும். பாசி வழுக்கும். கடலைப் பார்த்து நிற்கலாம். முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. 2022 ஏப்ரலில் இதே தீவுக்குக் கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த மூன்று கல்லூரி மாணவர்கள் கடலில் மூழ்கி இறந்தார்கள். படித்த பிள்ளைகள். இளம் பிள்ளைகள். பையன்கள் செல்போனில் படம் எடுக்கப் பாறை நுனிக்குப் போனபோது இதைச் சொன்னேன். இட்லிக் கடை அக்கா மகனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தார்.

மத்தியானம் ஒரு மணிக்குக் காற்று மாறியது. காலையில் கண்ணாடி போல இருந்த தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நுரை தெரிந்தது. பையன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "காலையில் துடுப்புப் போட்டு வந்திருந்தா, இப்பத்தான் திரும்பணும்" என்றான். யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை.

கடைசிப் படகு மாலையில் உண்டு. நாங்கள் இரண்டு மணிப் படகிலேயே திரும்பினோம். தீவில் இரவு தங்க அனுமதி இல்லை. கடைசிப் படகில் எல்லோரும் முண்டியடிப்பார்கள். கூட்டத்தில் எண்ண முடியாது. ஆனால் சூரியன் கடலில் மறைவதைத் தீவிலிருந்து பார்க்கவில்லை என்று இரண்டு பேருக்கு இன்றும் குறை. மல்பே கரையில் உட்கார்ந்துதான் பார்த்தோம்.

துறையில் காலையில் போன அந்தப் படகு நின்றிருந்தது. போனவர்கள் பத்திரமாகத் திரும்பியிருந்தார்கள்.

"பார்த்தியா, ஒண்ணும் ஆகலை. அநியாயமா ஐம்பது நிமிஷம் போச்சு" என்றார் இட்லிக் கடை அக்கா.

"ஆகலை. நல்லது" என்றார் பூக்கார அக்கா. பையிலிருந்து தாளை எடுத்தார். மூன்று எண்களையும் ஒருமுறை படித்தார். மடித்து மறுபடி உள்ளே வைத்தார்.

பயிற்சி

1. ஒரு படகில் 25 பேர் ஏறலாம். ஏற்கெனவே 16 பேர் இருக்கிறார்கள். அதில் 3 பேர் குழந்தைகள். இன்னும் எத்தனை பேர் ஏறலாம்?

2. உங்கள் தெருவில் 22 பேர் ஒரு நாள் பயணம் போகிறார்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். மொத்தம் எத்தனை லிட்டர்?

3. ஒருவர் மணிக்கு 3 கிலோமீட்டர் துடுப்புப் போடுகிறார். 9 கிலோமீட்டர் போய்த் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகும்? நடுவில் 1 மணி நேரம் ஓய்வு எடுக்கிறார். காலை 7 மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்குத் திரும்புவார்? அப்போது எந்தக் காற்று அடிக்கும்?

4. இந்தச் சொற்களைப் பாராமல் எழுதுங்கள்: துடுப்பு, நிலக்காற்று, கடற்காற்று, உப்பங்கழி, படகுத் துறை.

5. 1554 என்பது எந்த உதவிக்கான எண்? வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

6. பூக்கார அக்கா படகில் ஏற மறுத்தார். இட்லிக் கடை அக்கா நேரம் வீணானது என்றார். நீங்கள் துறையில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மையத்தில் பேசுங்கள். பிறகு ஐந்து வரி எழுதுங்கள்.